தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரி ஓட்டுநர்களுக்கு

ஓட்டுநர் அண்ணன் தம்பிமார்களே,

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று சரக்கோடு வந்து, பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் இறக்கத்துக்கு முன்பாக வண்டியை ஓரங்கட்டுகிறீர்கள். இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டி, சத்தத்தை வைத்தே காற்று எவ்வளவு இருக்கிறது என்று கணிக்கிறீர்கள். பிரேக் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்க்கிறீர்கள். தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருந்தால் இழுத்து முடிச்சுப் போடுகிறீர்கள். அடுத்த சில கிலோமீட்டரில் என்ன காத்திருக்கிறது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இந்த இறக்கத்தில் லாரி மோதிப் போன உயிர்களைத் தமிழ்நாடே பேசியது. ஊடகங்கள் பேசாத விபத்துகள் எத்தனையோ. அதனால்தான் இங்கே நிறுத்தி வண்டியைப் பார்க்கிறீர்கள். பார்த்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்துவிடுகிறீர்கள். அந்த நிறுத்தத்தில் வண்டிக்கு ஆக வேண்டியதெல்லாம் ஆகிவிடுகிறது, உங்கள் உடம்புக்கு எதுவும் ஆவதில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

உடற்பயிற்சி என்று பேச்செடுத்தாலே உங்களிடமிருந்து வரும் முதல் பதில் எனக்குத் தெரியும். “நாள் பூரா உழைக்கிறவனுக்கு எதுக்குங்க எக்சர்சைஸ்? அது ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்கிறவங்களுக்கு.” இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. உங்கள் வேலை கடுமையான வேலை. இரவு முழுக்கக் கண் விழித்து, எதிரே வரும் வெளிச்சத்தைத் தாங்கி, பல டன் சரக்கைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உழைப்பு இல்லையென்றால் வேறு எதுவும் உழைப்பு இல்லை. ஆனால் அந்த உழைப்பில் உடம்பின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கண், கழுத்து, தோள், கை, பெடலை மிதிக்கும் பாதம், எல்லாவற்றுக்கும் மேலாக மூளை. உடம்பிலேயே பெரிய தசைகளான தொடையும் பின்புறமும் மணிக்கணக்காகச் சும்மா கிடக்கின்றன. இதயம் ஏறக்குறைய ஓய்வில் இருக்கும்போது துடிக்கிற வேகத்திலேயே துடிக்கிறது. பவர் ஸ்டியரிங் வருவதற்கு முன்னால் ஒரு வளைவைத் திருப்பத் தோளும் முதுகும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. இப்போது அதுவும் இல்லை. எனவே கேபினிலிருந்து இறங்கும்போது நீங்கள் அடித்துப்போட்டதுபோல் களைத்திருக்கிறீர்கள் என்பது உண்மை. அன்று முழுக்க உங்கள் இதயத்துக்கும் பெரிய தசைகளுக்கும் வேலையே இருக்கவில்லை என்பதும் உண்மை. களைப்பு வேறு, உடலசைவு வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் உங்களில் பலர் நாற்பது வயதுக்குள் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சேர்த்து விழுங்குகிறீர்கள்.

இதற்குச் சான்று வேண்டுமென்றால், உலகத்துக்கே அதைக் காட்டியவர்கள் உங்கள் தொழில்காரர்கள்தான். லண்டனில் ஜெரி மோரிஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாரடைப்பு ஏன் இப்படிப் பெருகுகிறது என்று தேடியவர், அந்த நகரத்தின் போக்குவரத்துத் தொழிலாளர்களை ஆராய்ந்தார். 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 ஆண்கள். லண்டனின் மாடிப் பேருந்தில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே சம்பளத்தில் வேலை பார்த்தவர்கள். ஓட்டுநர் தம் வேலை நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு உட்கார்ந்தே இருந்தார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளில் 500 முதல் 750 படி வரை ஏறினார். 1953-இல் வெளியான முடிவு இது: ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இதய நோய் கண்டவர்கள் நடத்துநர்களில் 1.9, ஓட்டுநர்களில் 2.7. நோய் வந்தபின் விரைவில் இறந்துபோவதும் ஓட்டுநர்களிடமே அதிகமாக இருந்தது. உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் புள்ளிவிவரத்தோடு நிறுவிய முதல் பெரிய ஆய்வு இதுதான். இன்று உலகம் முழுவதும் மருத்துவர்கள் “நடங்கள்” என்று சொல்கிறார்களே, அந்த அறிவுரைக்கு வேர் ஓர் ஓட்டுநர் இருக்கையில் இருக்கிறது. அந்த அறிவுரை மட்டும் ஓட்டுநர்களை வந்து சேரவில்லை.

இதை மறுத்துப் பேச வழியுண்டு. மோரிஸ் வாழ்ந்த காலத்திலேயே மறுத்தார்கள். கொழுத்த உடம்புக்காரர்கள் ஓட்டுநர் வேலைக்கும், ஒல்லியானவர்கள் நடத்துநர் வேலைக்கும் போயிருக்கலாம் அல்லவா? நோய் உடம்பு வாகோடு வந்ததா, வேலையோடு வந்ததா? நியாயமான கேள்விதான். மோரிஸும் கூட இருந்தவர்களும் சீருடை தைப்பதற்காக எடுத்து வைத்திருந்த இடுப்பளவுப் பதிவுகளைப் புரட்டினார்கள். ஓட்டுநர்களின் இடுப்பு, அதே வயது நடத்துநர்களின் இடுப்பைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே பருமன் உள்ளவர்களை எடுத்துத் தனியே ஒப்பிட்டபோதும் நடத்துநர்களுக்கே பாதுகாப்பு அதிகமாக இருந்தது. சரி, போக்குவரத்து நெரிசலின் மன அழுத்தம்தான் ஓட்டுநரைக் கொன்றது என்று சொல்லலாமா? அதற்கும் பதில் இருந்தது. அதே ஆய்வில் அஞ்சல் துறையையும் பார்த்தார்கள். நடந்தும் சைக்கிள் மிதித்தும் கடிதம் கொடுத்தவர்களைவிட, அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர்களுக்கும் தொலைபேசி இணைப்பாளர்களுக்கும் இதய நோய் கூடுதலாக வந்தது. அவர்கள் யாரும் நெரிசலில் வண்டி ஓட்டவில்லை. பிறகு அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் சுமை தூக்கிய தொழிலாளர்களை ரால்ஃப் பாஃபென்பார்கர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கடும் உடலுழைப்பில் இருந்தவர்களிடம் மாரடைப்புச் சாவு குறைவாகவே இருந்தது. உங்கள் லாரியில் மூட்டை ஏற்றும் லோடுமேனின் உடம்பையும் உங்கள் உடம்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே சரக்கால் பிழைக்கிறவர்கள்தான்.

நம் மண்ணின் கணக்கும் இதையே சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வொன்று தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் எடுக்கப்பட்டு 2014-இல் வெளியானது. பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலசைவு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் தாமாக ஏதேனும் பயிற்சி செய்தவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த ஆய்வின் தொடர்ச்சி 2023-இல் வந்தபோது நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டியிருந்தார்கள். தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் சாப்பாட்டிலிருந்து இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கும் பெரிய இடங்கள். அவை அசைந்தால்தான் இழுக்கும். தாபாவில் பரோட்டாவும் குருமாவும் சாப்பிட்டுவிட்டு உடனே ஏறி நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால், அந்தச் சர்க்கரை எங்கே போகும்? கெண்டைக்காலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காலுக்கு இறங்கிய இரத்தத்தை அது சுருங்கிச் சுருங்கித்தான் மேலே தள்ளுகிறது. தள்ள ஆளில்லாதபோது மாலையில் பாதம் வீங்கி, செருப்பு இறுகுகிறது. சிலருக்கு நரம்பு சுருண்டு புடைக்கிறது. அரிதாகச் சிலருக்கு உள்ளே இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுத்துவிடுகிறது. முதுகைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொரு நாளும் அதைச் சுமந்துகொண்டுதான் இறங்குகிறீர்கள்.

“வண்டியைப் பார்த்துக்கொள்வதுபோல் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மருத்துவ முகாம்களில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனாலும் அந்த ஒப்பீடு உங்களைத் தவறான பக்கம் கொண்டுபோகிறது என்று நினைக்கிறேன். வண்டி ஓட ஓடத் தேயும், நிறுத்தி வைத்தால் தேய்மானம் மிச்சம். அந்தக் கணக்கை உடம்புக்குப் போட்டுத்தான், கிடைத்த நேரமெல்லாம் படுத்திருப்பதே உடம்பைக் காப்பது என்று நம்புகிறீர்கள். உடம்பு நேர் எதிரானது. பயன்படுத்தாத தசை இளைக்கும், பயன்படுத்திய தசை வளரும். பாரம் விழும் எலும்பு கெட்டிப்படும். வேகமாகத் துடிக்கப் பழகிய இதயம், ஓய்வில் நிதானமாகத் துடித்தே அதே அளவு இரத்தத்தை அனுப்பிவிடும். உடற்பயிற்சியின் அடிப்படை இவ்வளவுதான்: பழகியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேலை கொடு, பிறகு ஓய்வு கொடு, அந்த ஓய்வில் உடம்பு தன்னைத் தேற்றிக்கொண்டு முன்பைவிடச் சற்றுப் பலமாக எழும். கூடுதல் என்பது கொஞ்சம்தான். ஒரே நாளில் நூறு தண்டால் எடுத்துவிட்டு மறுநாள் கை தூக்க முடியாமல் விட்டுவிடுகிறவரைவிட, தினமும் எட்டு எடுத்து வாரத்துக்கு இரண்டு கூட்டுகிறவரே தேறுவார்.

எவ்வளவு தேவை என்பதிலும் ஒளிவு மறைவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் புதுப்பித்த வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவும், குறைந்தது இரண்டு நாள் தசை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. மிதமானது என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் சரி. அதே வழிகாட்டுதலில் உங்களுக்கென்றே செய்ததுபோல ஒரு திருத்தம் இருக்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு சொல்லியிருந்தார்கள். இப்போது அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ, எல்லாமே கணக்கில் சேரும். 150 நிமிடத்தை ஏழால் வகுத்தால் நாளுக்கு இருபத்திரண்டு நிமிடம்கூட வராது. அதை இரண்டு மூன்று நிறுத்தங்களில் பிரித்துக்கொள்ளலாம்.

இடம் எங்கே என்பீர்கள். நெடுஞ்சாலையோரம் நடக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை, இந்தக் கணவாயில் அதை யாரும் செய்யக் கூடாது. உங்கள் வண்டியே போதும். நிறுத்துமிடத்தில், சாலையைவிட்டு நன்றாக உள்ளே தள்ளி வண்டி நிற்கும்போது, அதைச் சுற்றி நடங்கள். பன்னிரண்டு சக்கர லாரி ஒன்றைச் சுற்றினால் ஏறத்தாழ 30 மீட்டர். கொஞ்சம் வேகமாக நடந்தால் பத்து நிமிடத்தில் இருபத்தைந்து சுற்றுக்கு மேல் வரும், அது முக்கால் கிலோமீட்டர். டயரையும் கயிற்றையும் அந்த நடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். பிறகு பம்பரில் கையூன்றிச் சாய்ந்த தண்டால் எட்டோ பத்தோ. கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முட்டி எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவுக்கு உட்கார்ந்து எழும் பஸ்கி பத்து. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்குவது இருபது. இடுப்பில் கை வைத்து மெல்லப் பின்னோக்கி வளைவது நாலைந்து முறை. மூச்சை மட்டும் அடக்காதீர்கள், மூச்சடக்கி முக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். கேபினிலிருந்து குதிக்கவும் வேண்டாம். ஏறும்போது இறங்கும்போதெல்லாம் இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் வண்டியைப் பிடித்தபடி இருக்கட்டும்.

“தார்ப்பாய் கட்டுறதே பெரிய எக்சர்சைஸ்தானே” என்று ஒருவர் கேட்பார். தார்ப்பாயை இழுப்பது பாரம்தான், ஆனால் அது வரும் நேரம் தப்பான நேரம். மணிக்கணக்கில் வளைந்து உட்கார்ந்து, அதிர்விலேயே ஊறிப்போன முதுகெலும்பின் தசைநார்கள் தளர்ந்து நீண்டு கிடக்கும். அந்த நிலையில் இறங்கியதும் குனிந்து ஒரே இழுப்பு இழுக்கும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இரண்டு சுற்று நடந்துவிட்டு, பின்னால் நாலு முறை வளைந்துவிட்டுக் கயிற்றில் கை வையுங்கள். தினமும் கொஞ்சம் பழகிய முதுகுக்குத் தார்ப்பாய் பாரமாகத் தெரியாது, பழகாத முதுகை அது உடைக்கும்.

நேரம் இல்லை என்பது இன்னும் வலுவான மறுப்பு. சரக்கு சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் வாடகையில் கை வைக்கிறார்கள், போன் மேல் போன் வருகிறது. முன்பெல்லாம் கிளீனர் ஒருவர் கூட வருவார், நீண்ட தூரத்துக்கு இரண்டு டிரைவர் இருப்பார்கள். இப்போது பல வண்டிகளில் நீங்கள் ஒற்றை ஆள். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் நாளில் ஓட்டம் மட்டும் இல்லை, காத்திருப்பும் இருக்கிறது. தொழிற்சாலை கேட்டில், மண்டியில், லோடு இறக்கும் வரிசையில் அரை நாள் போகிறது. அந்த நேரம் கேபினில் சாய்ந்தபடி செல்போனில் கரைகிறது. அதில் இருபது நிமிடம் உங்களுடையது. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தூக்கம் பாக்கி இருந்தால் முதலில் தூங்குங்கள். எந்தப் பயிற்சியும் தூக்கத்துக்கு ஈடாகாது. கண் சொருகும்போது பஸ்கி எடுத்துத் தெளிந்துவிட்டோம் என்று நம்பி இந்த இறக்கத்தில் வண்டியை விடுவது தற்கொலைக்குச் சமம். படுத்தும் தூக்கம் நிறைவதில்லை, குறட்டை அதிகம், பகலில் கண் இழுக்கிறது என்றால், கழுத்தில் சேர்ந்த சதை மூச்சுக்குழாயை அடைக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எடை குறைந்தால் அந்தச் சிக்கலும் பெரும்பாலும் குறையும்.

பெரியவர்கள் பயிற்சி எதுவும் இல்லாமலே எண்பது வயது வரை இருந்தார்கள் என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவர்கள் ஏர் பிடித்தார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள், சந்தைக்கு நடந்தார்கள். நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்களே என்ற கூச்சத்தைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். தாபா வாசலில் ஒருவர் மட்டும் பஸ்கி எடுத்தால் கூச்சமாகத்தான் இருக்கும். இரண்டு பேர் எடுத்தால் பாதி போய்விடும். ஐந்து பேர் எடுத்தால் அது அந்த இடத்தின் வழக்கமாகிவிடும்.

உங்கள் உடம்பு இப்படி ஆனதற்கு நீங்கள் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. 1961-இலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எழுதினார்கள். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தால் குறைந்தது அரை மணி நேர ஓய்வு, இரவில் தங்க வேண்டிய இடத்தில் நிறுவனமே ஓய்வறை தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஐந்துக்கும் குறைவான ஆட்களை வைத்திருக்கும் நிறுவனத்தை அந்தச் சட்டம் தொடவில்லை. ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் முதலாளியிடம் வேலை பார்ப்பவர்கள் அதற்கு வெளியே நின்றீர்கள். உள்ளே இருந்தவர்களிலும் எத்தனை பேருக்கு அந்த அரை மணி நேரம் கிடைத்தது? 2021 ஆகஸ்டில், இங்கிருந்து வடக்கே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை தரும் நல்ல திட்டம். அந்த ஊழியர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது நீங்கள் நாக்பூரிலோ ஹைதராபாத்திலோ இருக்கிறீர்கள். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதையை அரசு தொடங்கியது. அதில் நடக்க, காலையில் ஊரில் இருக்க வேண்டும். கணவாய்க்கு உயர்மட்டச் சாலை வரப்போகிறது, வரட்டும். ஆனால் அந்தச் சாலையில் ஓட்டப்போகிறவருக்கு இறங்கி நடக்கவும் நிம்மதியாகச் சிறுநீர் கழிக்கவும் ஓர் இடம் வேண்டும் என்பதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீரையே குறைத்துக் குடித்து, சிறுநீரகக் கல்லோடு அவதிப்படுகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள்.

அரசும் முதலாளியும் மாறும்வரை உங்கள் இரத்தக் குழாய்கள் காத்திருக்காது. ஆகவே என் கோரிக்கையில் உங்கள் கையில் இருப்பதை முதலில் வைக்கிறேன். தொப்பூரில் நிற்கும்போது வண்டிக்குக் கொடுக்கும் நேரத்தோடு பத்து நிமிடத்தை உங்களுக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே பாளையம் பக்கம் முடியவில்லையென்றால், இறங்கியபின் மேட்டூர்ச் சாலை பிரியும் இடத்துக்கு அருகே டீக்கு நிற்கும்போது செய்யுங்கள். அன்றைக்கு இன்னொரு நிறுத்தத்தில் இன்னொரு பத்து நிமிடம். முதல் வாரம் ஐந்து நிமிடமே போதும். நாற்பதைத் தாண்டியவர்களும், பிரஷர், சர்க்கரை, நெஞ்சு வலி உள்ளவர்களும் ஊருக்குப் போகும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துவிட்டுத் தொடங்குங்கள், அங்கே அதற்குக் காசு கிடையாது. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கொஞ்சம் சர்க்கரையோ வெல்லமோ கையில் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள், வண்டியில் ஏறாதீர்கள்.

அடுத்தது நீங்கள் சேர்ந்து கேட்க வேண்டியது. சங்ககிரி, நாமக்கல், சேலம் என்று உங்கள் தொழில் நடக்கும் ஊர்களில் கூட்டம் போட்டு வாடகையும் பேட்டாவும் பேசும்போது, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் நிறுத்தும் உரிமையையும் பேச்சில் வையுங்கள். அந்த அரை மணி நேரத்துக்காக வாடகையில் பிடித்தம் செய்யக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். சுங்கக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் இந்தக் கணவாயில் இறங்குகிறீர்கள். அந்தப் பணத்தில் இறக்கத்துக்கு முன்பாக லாரிகள் ஒதுங்கி நிற்க விளக்கு வெளிச்சத்தோடு ஓர் இடம், நடக்க ஒரு சுற்றுப்பாதை, தண்ணீர் வரும் கழிப்பறை, வாரத்தில் இரண்டு இரவாவது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ஒரு செவிலியர் வேண்டும் என்று தருமபுரி மாவட்ட ஆட்சியருக்கும் நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் உங்கள் பெயரிலேயே மனு கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் கோப்பில் உறங்கும். சங்கத்தின் முத்திரையோடு, ஆயிரம் கையெழுத்தோடு கொடுங்கள். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் தொப்பூரில் நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் தொப்பூர்க்காரன்